வாயில் இருக்கிறது, பேப்பரில் வரவில்லை

(பிம்ப்ரியில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் சிறப்பு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், வாரத்தில் ஒரே ஒரு ஓய்வு நாள். அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் பிள்ளையை அழைத்துவரும் தமிழ்த் தாய்மார்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "டீச்சர், கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னாதான் ஒண்ணும் வரல." அடுத்த வாக்கியம்: "வீட்ல தமிழ் பேசுறோம்ல, அதனாலதான்னு ஸ்கூல்ல சொல்றாங்க." முதல் வாக்கியம் நல்ல தடயம். இரண்டாவது வாக்கியம் அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தைக்கு மூன்று, நான்கு வருடங்கள் போய்விடுகின்றன. அந்த வருடங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கம்பெனி பிம்ப்ரிக்கு வந்தது. பிறகு டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ், போசரி எம்.ஐ.டி.சி. என்று வரிசையாக ஆலைகள். வேலையைத் தேடி நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள், நம்மவர்களும் வந்தோம். இப்போது மூன்றாவது தலைமுறை பள்ளிக்கூடம் போகிறது. அந்தப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் அம்மாவிடம் தமிழ். கீழே இறங்கினால் வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் மராத்தி. வேன் டிரைவரிடம் இந்தி. வகுப்பில் இங்கிலீஷ். 2020இல் வந்த சட்டப்படி இந்த மாநிலத்தில் எந்தப் போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம். இவ்வளவு மொழிகளுக்கு நடுவே ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், "பாவம், மொழிக் குழப்பம்" என்று சொல்வது எல்லோருக்கும் வசதியான பதில். பள்ளிக்கு வசதி, பெற்றோருக்கு ஆறுதல். பிள்ளைக்கு மட்டும் அதனால் ஒரு பயனும் இல்லை.

மொழி போதாமல் திணறும் பிள்ளையையும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பிள்ளை எந்த மொழியில் நன்றாகப் பேசுகிறதோ அந்த மொழியில் போய்ப் பாருங்கள். மொழி புதிது என்பதுதான் பிரச்சினை என்றால், பேச்சு வர வர வாசிப்பும் கூடவே வரும். கற்றல் குறைபாடு இருந்தால் பேச்சு முன்னால் ஓடிவிடும், எழுத்து பின்தங்கிவிடும், அதுவும் எல்லா மொழியிலும் பின்தங்கும். சொசைட்டி வாசலில் மராத்தியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளைக்கு மராத்தி தெரியாது என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் தமிழிலேயே சில விஷயங்களைக் கவனிக்கலாம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையிடம் 'பம்பரம்' என்று சொல்லி, அதில் 'பம்' எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேளுங்கள். 'பாட்டு' மாதிரி முடிகிற வேறு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. சில பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கேள்வியே புரியாது. இங்கே பேப்பரும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, காதும் நாக்கும் மட்டும்தான். சொல்லைச் சத்தங்களாகப் பிரித்துக் கேட்கும் இந்தத் திறன்தான் வாசிப்புக்கு அடித்தளம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடறுவது இங்கேதான். இதை வைத்து நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். கண்ணையும் காதையும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் "தமிழால்தான்" என்ற சமாதானத்தை மட்டும் அன்றோடு விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் சொல்கிறதே என்று வீட்டில் தமிழை நிறுத்தி, வராத இங்கிலீஷில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குச் சரளமாக இருந்த ஒரே மொழியும் போய்விட்டது. குறைபாடு அப்படியே இருக்கிறது.

இது புது வியாதியா, செல்போனால் வந்ததா என்று கேட்கிறார்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பெர்சி என்று அவன் பெயர். கெட்டிக்காரன், கணக்கு நன்றாகப் போடுவான், ஆனால் படிக்க வராது. தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். பாடம் எல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவன் வாத்தியார் சொன்னாராம். நம் தாய்மார்கள் சொல்லும் "கேட்டா எல்லாம் சொல்றான்" தான் இது. அன்றைக்கு ஏது செல்போன்?

பரம்பரையும் இதில் உண்டு. பிள்ளைக்காக வந்த அப்பா, நான் கேள்வி கேட்கக் கேட்க மெள்ள மௌனமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டூல் ரூமில் வேலை. டிராயிங்கைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். லீவு லெட்டரை மட்டும் பக்கத்து மெஷின்காரர்தான் எழுதித் தர வேண்டும். தன் பிள்ளையை "மக்கு" என்று திட்டுவதும் பல சமயம் இந்த அப்பாதான். யாரைத் திட்டுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நோட்டைத் திறந்து பார்ப்போம். நான் ரேங்க் கார்டைக் கேட்பதில்லை, பழைய டிக்டேஷன் நோட்டுகளைத்தான் கேட்பேன். தமிழ் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. 'கொக்கு' என்று வாசிக்கும்போது கண் முதலில் சந்திப்பது கொம்பு. அதற்கு அந்த இடத்தில் சத்தம் கிடையாது. அடுத்து 'க'. அடுத்து ஒரு கால். மூன்றையும் பார்த்த பிறகுதான் 'கொ' என்ற ஒற்றைச் சத்தம். அதாவது முன்னால் எழுதியதைப் பின்னால் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் எழுதியதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கொம்பை விட்டுவிட்டு 'காக்கு' என்பான், அல்லது காலை விட்டுவிட்டு 'கெக்கு' என்பான். நாம் கவனக்குறைவு என்று குட்டுவோம். மராத்தி, இந்தியில் 'கி' எழுதும்போதும் இகரக் கோடு எழுத்துக்கு முன்னால் வருகிறது. அங்கேயும் இதே இடத்தில் இதே பிள்ளை சறுக்குவான். தமிழில் ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, அதை வைத்து பயப்படாதீர்கள். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியதிலேயே சொற்கள் விட்டுப்போயிருந்தால், மூன்றாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத்தான் போக முடிகிறது என்றால், அப்போது கவனியுங்கள்.

இங்கிலீஷ் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஒப்பந்தமே கிடையாது. தமிழில் ஓரளவு சமாளித்துவிட்ட பிள்ளைகூட இங்கிலீஷில் சிக்கிக்கொள்ளும்.

கணக்கில் வரும் சிக்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். தமிழில் 47 என்றால் நாற்பத்தேழு. நாற்பது முதலில், ஏழு பிறகு. காதில் விழும் வரிசையிலேயே கை எழுதலாம். மராத்தியில் அது 'சத்தேசாளீஸ்'. ஏழு முதலில் வருகிறது, நாற்பது பிறகு. காதில் விழும் வரிசையில் எழுதினால் 74 ஆகிவிடும். எண்ணின் இடமதிப்பே பிடிபடாத பிள்ளைக்கு, அதாவது டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு, இந்தத் திருப்பம் பெரிய பள்ளம். 2019இல் இதே புனே நகரத்தில் இது பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'இருபது ஒன்று' என்கிற மாதிரி, பத்தை முதலில் சொல்லும் முறையையும் அச்சிட்டது. அதன் கணிதக் குழுவின் அப்போதைய தலைவர் புனேயைச் சேர்ந்த கணித அறிஞர் மங்களா நார்ளிகர். சிறு பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்தும் தலைகீழ் வரிசையும் தேவையில்லாத சுமை என்பது அவர் வாதம். மராத்தியைச் சிதைக்கிறார்கள் என்று ஊரே கூச்சலிட்டது, சட்டமன்றம் வரை போய் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் எல்லோரும் எண்கள் சுலபமாக வந்த பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், நம் 'தொண்ணூறு' மட்டும் லேசா? காதில் 'நூறு' என்று விழுகிறது, எழுத வேண்டியது 90. வீட்டில் கணக்குச் சொல்லித் தரும்போது தமிழா, மராத்தியா, இங்கிலீஷா என்று ஒரு மொழியை முடிவுசெய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். ஒரே கணக்கை மூன்று மொழியில் கலந்து சொன்னால் நன்றாகப் போடுகிற பிள்ளையும் தடுமாறும். பத்து தீக்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கையில் கொடுங்கள். நான்கு கட்டு, ஏழு உதிரி. அதற்குப் பிறகு பென்சில் போதும்.

வீட்டில் சாயந்திரம் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை நடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. அம்மா நோட்டை எடுக்கச் சொல்கிறார். பிள்ளைக்குத் தண்ணீர் தாகம் எடுக்கிறது, பென்சில் உடைகிறது, வயிறு வலிக்கிறது. எட்டு மணிக்கு அம்மா குரல் உயர்கிறது. ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் அழுகிறார்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி வரும் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. இந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஆறு மணி நேரம் தங்களால் முடியாத ஒன்றைச் செய்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதையே இன்னும் இரண்டரை மணி நேரம் செய்யச் சொல்கிறோம். பிறகு டியூஷன். தப்பாக எழுதிய வார்த்தையைப் பத்துமுறை எழுதச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஐந்தாவது முறையிலிருந்து தப்பாகவே எழுதி, அந்தத் தப்பை நன்றாக மனப்பாடம் செய்துகொள்கிறான்.

பதிலுக்கு என்ன செய்வது? இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, சத்தத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். கண், காது, நாக்கு, விரல் நாலும் ஒரே எழுத்தில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930களில் வகுத்த முறையின் சாரம் இதுதான். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதவைத்த பழக்கத்தோடு அது ஒத்துப்போகிறது, அந்தப் பள்ளிகளின் பிரம்பு மட்டும் நமக்கு வேண்டாம். முதலில் கொம்பு, கால் இல்லாத சொற்கள்: பட்டம், மரம், கல். அவை சரளமான பிறகு ஒரு குறி, அது நின்ற பிறகு அடுத்த குறி. புத்தகத்தில் எந்தப் பாடம் நடக்கிறது என்று பார்க்காதீர்கள்.

அறிவியல், வரலாறு எல்லாம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "நாம வாசிச்சுக் காட்டினா அவன் எப்போ வாசிக்கப் போறான்" என்று பாட்டிகள் கேட்பார்கள். வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்கக்கூடாது, பாட்டி. ஏழாம் வகுப்பில் வாசிப்பு கைகூடும்போது விஷயஞானம் மூன்றாம் வகுப்பிலேயே நின்றுபோயிருந்தால் அந்த வாசிப்பை வைத்து என்ன செய்வான்?

ஞாபகசக்தி மருந்து, மூளைப் பயிற்சிக் கண்ணாடி, பத்தே நாளில் முத்து முத்தாகக் கையெழுத்து என்று விளம்பரங்கள் வருகின்றன. இந்தக் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. முறையாகச் சொல்லித்தருவது ஒன்றுதான் வழி, அதற்கு மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும்.

இன்னொரு ஆறுதலையும் நான் ஏற்பதில்லை. 2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்தது. நம் பக்கத்துப் பாஞ்ச்கனியில் எடுத்த படம். டிஸ்லெக்சியா என்ற சொல்லை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த பெருமை அந்தப் படத்துக்கு உண்டு. ஆனால் படம் பார்த்துவிட்டு வரும் பெற்றோர், "அப்போ இவனுக்கும் ஏதாவது பெரிய திறமை ஒளிஞ்சிருக்கும்ல?" என்று கேட்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஓவியம் வராத, பாட்டு வராத, சாதாரணமான பிள்ளைக்கும் படிக்கக் கற்றுத்தர வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஐன்ஸ்டீன் பெயரைச் சொல்லி யாராவது தேற்ற வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இங்கே ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பெல்காமில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் ஏதோ ஒரு வகைக் கற்றல் குறைபாடு தெரிந்தது. வேறு ஆய்வுகளில் இதைவிடக் குறைவு. எப்படிக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் உங்கள் வகுப்பில் இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத் தனி வகுப்பு நடத்த வேண்டாம். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். போர்டில் எழுதிப்போட்டதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அறிவியல் விடைத்தாளில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்காதீர்கள். எழுதாத கேள்விக்கு முட்டை போடுவதற்கு முன்னால் பக்கத்தில் கூப்பிட்டு வாயால் கேட்டுப்பாருங்கள். இவை எதற்கும் அரசாங்க உத்தரவு தேவையில்லை.

உத்தரவு தேவைப்படுவதும் உண்டு. இந்த விஷயத்தில் மகாராஷ்டிரம் நாட்டுக்கே முன்னோடி, அதைச் சொல்லத்தான் வேண்டும். 1996இலேயே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் சலுகை கொடுத்த மாநிலம் இது. மத்தியச் சட்டம் இருபது வருடம் கழித்துத்தான் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்த 21 வகைகளில் இதுவும் ஒன்று. கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ப கற்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிலையங்களுக்குச் சொல்கிறது. ஆகவே "டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்று யாராவது சொன்னால், அந்தப் பிரிவின் எண்ணைப் பணிவாக ஞாபகப்படுத்துங்கள்.

2018 ஜனவரியில் வந்த நெறிமுறைப்படி, மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், பள்ளியிலேயே முதல் சோதனை நடக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவர், பிறகு உளவியல் நிபுணர், அறிவுத்திறன் சோதனை, அப்புறம் பெங்களூர் நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுப்பு. சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். 2024இல் நெறிமுறைகளைத் திருத்தியிருக்கிறார்கள், அதனால் அரசு மருத்துவமனையில் இன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பம் மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில்.

சோதனைக்குப் போகும்போது நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. எந்த மொழியில் சோதிப்பார்கள்? மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' என்ற இந்தியமொழிச் சோதனை 2015இல் வெளிவந்தபோது, அதில் இந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ் நான்கும் இருந்தன, தமிழ் இல்லை. ஆகவே சோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: வீட்டில் தமிழ், இத்தனை வயதிலிருந்து இங்கிலீஷ், மராத்தி இந்த அளவுக்கு. தமிழ் தெரிந்த நிபுணர் கிடைத்தால் நல்லது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனை அணுகிப் பார்க்கலாம், அவர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர்கள். அரசுச் சான்றிதழ் மட்டும் அரசு மருத்துவமனையில்தான்.

சான்றிதழ் கையில் இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு எல்லாம் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மாநிலப் போர்டு கணக்குக்குப் பதிலாக ஏழாம் வகுப்பு நிலை எண்கணிதத்தை அனுமதித்தது. அதை எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். வாசிப்பில் மட்டும் சிரமப்படும் பிள்ளைக்கு மார்க் ஆசையில் கணக்கை விட்டுக்கொடுத்தால், பின்னால் இன்ஜினியரிங் பக்கம் போகும் கதவு மூடிவிடும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். அதைத் தோற்றவர்கள் போகும் இடம் என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"மாற்றுத்திறனாளின்னு சர்டிபிகேட் வாங்கினா நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துல கேப்பாங்களே" என்ற பயம் புரிகிறது. பள்ளிக்கும் தேர்வுக்கும் வெளியே யாரிடமும் காட்ட வேண்டிய காகிதம் அல்ல அது. ஆனால் தேவைப்படும் இடத்தில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும், இருந்தும் என்ன ஆனது என்பதற்கு 2021ஆம் வருட வழக்குகள் இரண்டு. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கையெழுத்துச் சிரமம் உள்ள ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வர் விஷயத்தில், குறைபாடு 40 சதவீதத்தை எட்டாவிட்டாலும் எழுத ஆள் கேட்கும் உரிமை உண்டு என்றது. நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வரும் குறைபாடு, உள்ள மாணவி ஒருவர் நீட் தேர்வுக்குப் போனார். சான்றிதழ் இருந்தது. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். மையத்தில் எல்லோருடனும் சேர்த்து அவர் விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். உரிமை மறுக்கப்பட்டது அநீதி என்றது நீதிமன்றம், ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை, பரிகாரத்தைத் தேர்வு முகமையே யோசிக்கட்டும் என்றுவிட்டது. ஆகவே ஹால் டிக்கெட் வந்ததுமே மையத்துக்குப் போய்ப் பேசிவிடுங்கள். உத்தரவின் நகல் இரண்டு கையில் இருக்கட்டும்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பிள்ளை விஷயத்தில் சந்தேகம் உள்ளவர்கள் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். "கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், பள்ளி அளவிலான சோதனையை நடத்தித் தாருங்கள்" என்ற இரண்டு வரி போதும். தேதி போட்டு, ஒரு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மராத்தியிலும் இங்கிலீஷிலும் அந்தக் கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசல் பக்கம் மேஜையில் இருக்கிறது. பெயரையும் வகுப்பையும் மட்டும் நிரப்ப வேண்டும். நிரப்பக் கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். இனி உங்கள் கேள்விகள். அந்தக் கடைசி வரிசையில் கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டீர்களே அண்ணா, நீங்கள் முதலில் கேளுங்கள்.